ஓடரின் நிறம்

கைலேஞ்சியை விரித்தால் தெரியும்
இந்தக் கிழமை எந்த ஓடர் என்று.
மாசியில் கடுநீலம்:
பள்ளிக்கூடக் காற்சட்டை, முப்பதாயிரம்.
மூக்கைச் சிந்தினால் கடுநீலம்,
காறித் துப்பினால் பேசினில் கடுநீலம்.
பிறகு இரண்டு மாதம் செங்கல் நிறம்.
வெள்ளை ஓடர் வந்தால்
ஒன்றும் தெரியாது.
வெள்ளைக்குத்தான் நான் பயம்.

நஸீஹா ஓவர்லொக்கில்,
நான் அடுத்த மெஷின்.
பதினொரு வருசமாய் நான் பார்த்தது
அவளுடைய முக்காட்டின் வலதுபக்கத்தை.
காலையில் கறுப்பு,
பத்து மணிக்குச் சாம்பல்,
மூன்று மணிக்கு அந்தந்த ஓடரின் நிறம்.
மூக்குக்கு மேலால் இழுத்து ஊசி குத்துவாள்.
லைனில் சத்தம் கூடினால் கழற்றுவாள்,
கத்தித்தானே கதைக்க வேண்டும்.

கம்பனி பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது
கண்ணாடியைத் தள்ளிவிட்டு
வாயைத் திறந்துகொண்டு இருப்பாள்.
"உப்புப் போட்டுக் கழுவுறன்."

ஞாயிறு லீவு.
திங்கள் காலை மெஷினைப் போட்டதும்
ஒருவர் வந்து நெஞ்சில் குந்துவார்.
செவ்வாய் எழும்பிப் போய்விடுவார்.
"வந்திட்டாரா உங்கட ஆள்?"
"வந்திட்டார். உங்கட?"
சிரிப்போம். சிரித்தால் இருமல்.
ஒரு கிழமை
வியாழன் ஆகியும்
அவளுடையவர் எழும்பவில்லை.

பையர் வரும் நாளில் மட்டும் மாஸ்க்.
சுப்பவைசர் பெட்டியோடு வந்து ஆளுக்கொன்று தருவார்.
ஃபேன் கம்பிகளில் தொங்கும் தாடிகளை
முதல்நாள் இரவே சிரைத்திருப்பார்கள்.
நாலரைக்கு அதே பெட்டி திரும்பி வரும்.
எண்ணித்தான் வாங்குவார்.
ஒருமுறை ஒன்று குறைந்தது.
நூற்றுப் பதினான்கு பேரின் கைப்பையும் திறந்து பார்த்தார்கள்.

நெஞ்சு கிளினிக்கில் டொக்டர் சின்னப் பெடியன்.
"சிகரெட்?"
நஸீஹா என்னைப் பார்த்தாள்.
"வீட்டுக்காரர்?"
"அவர் மௌத்தாகிப் பன்னிரண்டு வருசம்."
"விறகடுப்பா?"
"காஸ்."
"வெத்திலை?"
"கலியாண வீட்டில."
"தொழில்?"
"கார்மென்ட்ஸ்."
பேனை ஒருக்கா நின்றது.
பிறகு 'தையல்' என்று எழுதினார்.
தையல் என்றால்
ஜன்னலோர வெளிச்சமும் மடியில் ஒரு சட்டையும் என்று
நினைத்திருப்பார் போல.

"பஞ்சுத் தூசியாலயா, டொக்டர்?"
நான்தான் கேட்டேன்.
பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.
"ஓமெண்டும் எழுதியிருக்கினம்,
இல்லையெண்டும் எழுதியிருக்கினம், அக்கா.
சாயமோ, வேற என்னவோ.
இதுதான் எண்டு விரல் நீட்ட ஏலாது."
நீட்டவும் இல்லை. படத்தை மட்டும்
வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
நஸீஹாவின் இடப்பக்கத்தில்
ஒரு வெள்ளை ஓடர்.

வெளியே பஸ் ஸ்டாண்ட் பக்கம்
மான் ஒன்று ஷொப்பிங் பேக்கை மென்றுகொண்டு நின்றது.
"ஐயோ, விழுங்கப் போகுது!"
எக்ஸ்ரே உறையை வீசி வீசித் துரத்தினாள்.
ஐந்தாறு அடிதான்.
மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று
மூச்சைத் தேடினாள்.
மான் அங்கால் தள்ளி நின்று
மிச்சத்தையும் விழுங்கியது.

இப்போது அவளுடைய மெஷினில்
மூதூர்ப் பிள்ளை ஒன்று, பத்தொன்பது வயது.
கை வேகம். ஒரு மணித்தியாலத்துக்கு எண்பது பீஸ்.
போன திங்கள்
சட்டைக்கு மேலால் நெஞ்சைத் தடவிக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.
'வந்திட்டாரா' என்று வாய்வரை வந்தது.
கேட்கவில்லை.

மகரகமையிலிருந்து இரவில் நஸீஹா எடுப்பாள்.
வார்ட்டுச் சாப்பாடு, ஊசி,
பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா.
சொல்லுக்குச் சொல் இளைப்பாறி இளைப்பாறிக் கதைப்பாள்.
நேற்று கொஞ்சநேரம் ஒன்றும் இல்லை,
போன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.
"இப்ப என்ன கலர்?" என்றாள்.

கைலேஞ்சியை எடுத்துப் பார்த்தேன்.

"கிளிப்பச்சை."

"அல்லாஹ்," என்றாள்,
"வடிவா இருக்குமே."